செப்பு நீர்க்குழாய் அரிப்பு

செப்பு நீர்க்குழாய் அரிப்பு என்பது வீடுகளுக்குள் குடிநீரைக் கொண்டுசெல்லும் செப்புக் குழாய்களின் உலோகம், நீருடனும் அதில் கரைந்துள்ள பொருள்களுடனும் வேதிவினை புரிந்து படிப்படியாகச் சிதைவதைக் குறிக்கும். இதனால் குழாய்ச் சுவரில் துளை விழுந்து நீர் கசியலாம். துளை விழாவிட்டாலும் செம்பு குடிநீரில் கரைந்து உடல்நலத்தைப் பாதிக்கலாம். இவ்விரு விளைவுகளும் எப்போதும் சேர்ந்தே நிகழ்வன அல்ல. செம்பு மிகுதியாகக் கரையும் வீட்டிலும் குழாய் பல்லாண்டுகள் ஓட்டையின்றி இருக்கலாம். நீரில் செம்பின் அளவு மிகக் குறைவாக உள்ள வீட்டிலும் குழாய் சில ஆண்டுகளில் துளைபடலாம்.

ஐக்கிய அமெரிக்கா, ஐக்கிய இராச்சியம் முதலிய நாடுகளில் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து செப்புக் குழாய்கள் பெருமளவில் பயன்படுத்தப்பட்டு வருகின்றன. தமிழக வீடுகளில் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்களும் பிளாஸ்டிக் குழாய்களுமே மிகுதி. எனினும் செப்புக் குடத்தில் களிம்பு ஏறுவதும், புளியிட்டுத் துலக்கினால் அது நீங்குவதும் இதே வேதியியலின் எடுத்துக்காட்டுகளே.

வேதியியல் அடிப்படை

தூய நீர் மட்டும் செம்பை எளிதில் அரிப்பதில்லை. நீரில் கரைந்துள்ள ஆக்சிசனோ, கிருமி நீக்கத்திற்காகச் சேர்க்கப்படும் குளோரினோ செம்பை ஆக்சிசனேற்றம் செய்கிறது. முதலில் குழாயின் உட்புறத்தில் செந்நிறமான குப்ரசு ஆக்சைடு படலம் உருவாகிறது. காலப்போக்கில் அதன்மேல் பச்சை நிறமுடைய கார செப்புக் கார்பனேட்டு, அதாவது மாலக்கைட்டு, படியலாம். இப்படலங்கள் உலோகத்தை நீரிலிருந்து பிரித்து, அரிப்பின் வேகத்தைக் குறைக்கின்றன. எனவே குழாயின் ஆயுள் பெரும்பாலும் இப்படலம் நிலைத்திருப்பதையே பொறுத்தது.

அரிப்பின் வகைகள்

சீரான அரிப்பு: குழாயின் உட்பரப்பு முழுவதும் ஏறத்தாழ ஒரே அளவில் கரைவது. நீரின் பி.எச் மதிப்பு 6.5-க்குக் கீழ் இருக்கும்போது காப்புப் படலம் கரைந்துவிடுகிறது. கார்பன்-டை-ஆக்சைடு மிகுந்த கிணற்று நீரில் இது பரவலாகக் காணப்படும். குழாய் எளிதில் ஓட்டையாவதில்லை. ஆனால் குடிநீரில் செம்பின் அளவு உயர்கிறது.

குழி அரிப்பு: பரப்பின் பெரும்பகுதி நலமாக இருக்க, சில புள்ளிகளில் மட்டும் அரிப்பு ஆழமாக இறங்கி ஊசித்துளைகளை உண்டாக்குவது. பிரித்தானியாவில் குளிர்நீர்க் குழாய்களில் நேர்ந்த இவ்வகை அரிப்பை ஆராய்ந்த எக்டர் காம்பெல், குழாய்த் தயாரிப்பின்போது உட்புறத்தில் தங்கிவிடும் கரிப்படலம் அதற்குக் காரணமாவதை 1950இல் எடுத்துக்காட்டினார். இழுவை எண்ணெயின் எச்சம், குழாயைச் சூடாக்கும்போது கரியாக மாறுவதால் இப்படலம் உண்டாகிறது.

உரசல் அரிப்பு: நீரோட்டத்தின் வேகம் காப்புப் படலத்தைப் பெயர்த்தெடுப்பதால் நிகழ்வது. வளைவுகளிலும், வெட்டிய முனையின் பிசிறு நீக்கப்படாத இணைப்புகளுக்கு அடுத்தும் குதிரை இலாட வடிவக் குழிகள் தோன்றும். இதைத் தவிர்க்கக் குளிர்நீரின் வேகம் வினாடிக்கு 2.4 மீட்டரையும், வெந்நீரின் வேகம் 1.5 மீட்டரையும் மிகாதிருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் செப்புத் தொழில்துறையின் பரிந்துரை.

பற்றாசு இளக்கி அரிப்பு: குழாய்களைப் பற்றவைக்கும்போது அளவுக்கு மீறிப் பூசப்படும் இளக்கி குழாயினுள் வழிந்து தங்குகிறது. அதிலுள்ள குளோரைடுகள் அவ்விடத்தை அரிக்கின்றன.

உலோக இணைப்பு அரிப்பு: செம்பும் துத்தநாகம் பூசிய இரும்பும் நேரடியாக இணைக்கப்பட்டால், செம்பு காக்கப்பட்டு மற்றது விரைவில் அரிபடும்.

விளைவுகள்

நீலப்பச்சைக் கறை படிந்த கழுவுதொட்டி, நீரில் உலோகச் சுவை ஆகியவை தொடக்க அறிகுறிகள். சுவரினுள் நேரும் ஊசித்துளைக் கசிவு நெடுநாள் கண்ணுக்குப் புலப்படாமல், மரச்சட்டங்களையும் கூரையையும் கெடுத்துப் பூஞ்சை வளர இடமளிக்கும்.

செம்பு உடலுக்குச் சிறிதளவு தேவையான தனிமமே. எனினும் மிகுந்தால் குமட்டல், வாந்தி, வயிற்றுவலி ஏற்படும். செம்பை வெளியேற்ற இயலாத வில்சன் நோயாளிகளுக்கு இது கூடுதல் தீங்கு. உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டு வரம்பு லிட்டருக்கு 2 மில்லிகிராம். ஐக்கிய அமெரிக்கா 1991இல் வகுத்த விதியின் செயல் வரம்பு 1.3 மில்லிகிராம். இந்தியத் தர நிர்ணயத்தின்படி (2012) ஏற்கத்தக்க அளவு 0.05 மில்லிகிராம், மாற்று நீர் ஆதாரம் இல்லாதபோது 1.5 மில்லிகிராம் வரை அனுமதி உண்டு.

பழைய செப்புக் குழாய்களில் செம்பைவிடக் காரீயமே பெரிய கவலை. அவற்றின் இணைப்புகள் காரீயம் கலந்த பற்றாசினால் ஆனவை. அமெரிக்காவில் குடிநீர்க் குழாய்களுக்கு இத்தகைய பற்றாசு 1986இல் தடைசெய்யப்பட்டது.

வாசிங்டன் வட்டார நிகழ்வு

1990களின் இறுதி முதல், வாசிங்டனை ஒட்டிய மேரிலாந்து மாநிலப் புறநகர்களில் ஊசித்துளைக் கசிவுகள் பெருமளவில் பதிவாயின. வர்சீனியா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் மார்க் எட்வர்ட்சு குழுவினர், உயர்ந்த பி.எச், குளோரின், நீர்த்தூய்மிப்பில் எஞ்சும் அலுமினியத் துகள் ஆகிய மூன்றும் சேரும்போது செம்பில் குழிகள் தோன்றுவதை ஆய்வகத்தில் காட்டினர். இவற்றுள் எதுவும் தனித்தனியே குடிநீர்த் தரத்தை மீறியதன்று. அப்பகுதியின் நீர் வழங்கல் ஆணையம் 2003இல் ஆர்த்தோபாசுபேட்டு சேர்க்கத் தொடங்கியது. பாசுபேட்டு செம்பின் மீது புதிய காப்புப் படலத்தை உருவாக்க உதவுகிறது.

தடுப்பு முறைகள்

* நீர் வழங்குவோர் பி.எச் மதிப்பைச் சீராக்குதலும் பாசுபேட்டு சேர்த்தலும்.
* சொந்தக் கிணறு உள்ள வீடுகளில் சுண்ணாம்புக்கல் வடிகட்டி அமைத்தல்.
* குழாய் முனைகளின் பிசிறு நீக்கி, இளக்கியை அளவாகப் பூசி, பணி முடிந்ததும் குழாயை நீர் பாய்ச்சிக் கழுவுதல்.
* இரவு முழுவதும் குழாயில் தேங்கிய நீரைச் சிறிது நேரம் வெளியேற்றிய பின் பயன்படுத்துதல். தேங்கும் நேரம் கூடக் கூடக் கரையும் செம்பும் கூடும். ஆகவேதான் அமெரிக்க விதி, குறைந்தது 6 மணி நேரம் தேங்கிய நீரைச் சோதிக்கச் சொல்கிறது.
* குடிக்கவும் சமைக்கவும், குறிப்பாகக் குழந்தைகளின் பால் கலக்கவும், குளிர்நீர்க் குழாயின் நீரையே எடுத்தல்.
* ஒரே வீட்டில் கசிவு திரும்பத் திரும்ப நேர்ந்தால், ஒட்டுப்போடுவதை விடுத்து நீரைப் பரிசோதித்துக் காரணத்தை அறிதல். காரணம் நீங்காவிடில் புதிய செப்புக் குழாயும் அவ்வாறே துளைபடும்.

இவற்றையும் பார்க்க

* செப்பு
* மின்வேதியியல்
* குடிநீர்
* வில்சன் நோய்