செவியும் கிவியும்

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த சிற்றூர்ப் பள்ளியொன்றில் நான் ஆசிரியனாயிருந்த காலம். வீட்டில் கன்னடம் பேசும் மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, செவி என்பதை எங்கள் வீட்டில் கிவி என்பார்கள். எது மூலம்?" என்று கேட்டான். "செவியே மூலம், கிவி அதன் திரிபு" என்றேன். வகுப்புச் சிரித்தது, அவன் தலைகுனிந்து அமர்ந்தான். என் விடை பிழையென்று உணரப் பல்லாண்டுகள் ஆயின.

தென்மொழிகள் ஓரினம் என்பதை 1816-இல் எல்லிஸ் எடுத்துரைத்தார். 1856-இல் கால்டுவெல் அம்மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். 1961-இல் பரோவும் எமனோவும் இனச்சொற்களைத் தொகுத்து அகராதியாக்கினர். அத்தொகுப்பில் செவியின் சுற்றத்தாரைக் காணலாம். மலையாளமும் தெலுங்கும் நம்மைப் போலவே 'செவி' என்கின்றன. கன்னடம் 'கிவி' என்கிறது; துளு 'கெபி' என்கிறது; நீலகிரிக் கோத்தர் மொழி 'கெவ்' என்கிறது. நெடுந்தொலைவில் பலூச்சித்தானத்துப் பிராகுயி மொழியிலும் முதலொலி ககர இனமே.

சிதறிக் கிடக்கும் இத்தனை மொழிகள் தனித்தனியே சகரத்தைக் ககரமாக்கின என்பது பொருந்துமோ? மூலச்சொல் 'கெவி' போன்றது என்றும், இகர எகரங்களின் முன் நின்ற ககரம் தமிழில் சகரமாயிற்று என்றும் அறிஞர் முடிவு கட்டினர். நம் 'சேரி' கன்னடத்தில் 'கேரி'யாக நிற்பதும் இதனாலேயே. ஆயின், அடுத்து ட, ள, ழ போன்ற நாமடி ஒலி வந்தால் தமிழில் ககரம் மாறவில்லை. 'கேள்', 'கெடு', 'கிழங்கு' ஆகியவற்றைக் காண்க. கேட்கும் தொழிலில் நின்ற ககரம், கேட்கும் உறுப்பில் மறைந்தது!

இதனால் தமிழுக்குக் குறைவில்லை. 'பல்' என்பதில் பழைய பகரத்தை நாம் காத்தோம். கன்னடம் அதனை 'ஹல்லு' ஆக்கிற்று. முதுசொத்தை உடன்பிறந்தார் பகிர்ந்து காப்பது போன்றதே இது.

அண்மையில் ஒரகடத்துப் பேருந்து நிறுத்தத்தில், ஜார்க்கண்டிலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்த இளைஞன் ஒருவனைக் கண்டேன். அவன் தாய்மொழி குருக் என்றறிந்து, காதைத் தொட்டுக் காட்டி, "இதற்கு உங்கள் மொழியில் என்ன பெயர், தம்பி?" என்றேன். "கெப்டா" என்றான். அதுவும் ஓர் இனச்சொல்லே. அன்று தலைகுனிந்த சிறுவன் என் நினைவில் எழுந்தான்.

"உன் வீட்டுச் சொல் பழைய முதலொலியைக் காத்து நிற்கிறது, அப்பா" என்று அன்றே அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். இன்று வானொலி வாயிலாகச் சொல்லுகிறேன். அவன் செவியில், அன்று, அவன் கிவியில் இது விழுமாயின் மகிழ்வேன்.