சித்திரையில் நட்ட கரும்பு, மார்கழியில் வந்த உத்தரவு

பொங்கலுக்கு ரேஷன் கடையில் நம் கைக்கு வரும் கரும்பு, சர்க்கரை ஆலையின் வாசலையே பார்க்காத இனம். கருஞ்சிவப்புத் தோல், கடித்தால் மெதுவாக விட்டுக்கொடுக்கும் சதை. செங்கரும்பு என்பார்கள், பன்னீர்க் கரும்பு என்றும் சொல்வார்கள். கடித்துத் தின்பதற்கென்றே வளர்வது. ஆலைக் கரும்பு வெட்டத் தாமதமானால் எடை குறையும், பணம் இழுத்தடிக்கும். ஆனாலும் வாங்குவதற்கு ஓர் ஆலை இருக்கிறது. செங்கரும்புக்கு அப்படி யாரும் இல்லை. மாட்டுப்பொங்கல் கழிந்துவிட்டால் அது வெறும் மாட்டுத்தீவனம். ஒன்பது மாதம் வளர்த்துப் பத்தே நாளில் விற்றாக வேண்டும்.

இதன் பிறப்பு சித்திரையில். மேலூர்ப் பக்கமானாலும், தஞ்சாவூர், கடலூர் வட்டாரங்களானாலும், தேனி மாவட்டத்துச் சின்னமனூர், சேலம் மாவட்டத்துப் பூலாம்பட்டி ஆனாலும் கணக்கு ஒன்றுதான்: தை முதல் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிக் கரணை ஊன்றுவார்கள். விதைக்கரணைக்கே பெரிய செலவு. முளைத்ததும் இளங்குருத்துப் புழு வருகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு களையெடுத்து மண் அணைக்க வேண்டும். ஆடிக்காற்றில் சாயாமல் கம்பு நட்டுக் கயிறு கட்ட வேண்டும். காய்ந்த சோகையை ஒரு முறை உரித்தால் போதாது. பல முறை உரித்தால்தான் தோல் பளபளக்கும், கணு நேராகும். சாய்ந்து வளைந்த கரும்பை எந்த வீட்டிலும் பொங்கல் பானைக்குப் பக்கத்தில் நிறுத்த மாட்டார்கள். செவ்வழுகல் வந்துவிட்டால் வயலோடு போச்சு. இத்தனைக்கும் கூலி கொடுத்துக்கொண்டே போகும் விவசாயிக்கு, இதை யார் வாங்குவார் என்பது கார்த்திகை வரை தெரியாது.

முன்பெல்லாம் வாங்குபவர் வியாபாரி மட்டும்தான். கார்த்திகை, மார்கழியில் வயலுக்கு வந்து, வரப்பில் நின்று, மொத்தமாக விலை பேசி முன்பணம் கொடுத்துவிட்டுப் போவார். அரசு இந்தச் சந்தைக்குள் முதலில் அரைகுறையாகத்தான் நுழைந்தது. 2019, 2020 பொங்கல் பரிசில் 1,000 ரூபாயோடும் பச்சரிசி, சர்க்கரையோடும் கொடுத்தது இரண்டடிக் கரும்புத் துண்டு. ஒரு கழியை மூன்றாக நறுக்கி மூன்று குடும்ப அட்டைக்குக் கொடுத்தார்கள். கடை ஊழியர் அரிவாளும் கையுமாக உட்கார்ந்திருந்த காலம் அது. 2021இல் 2,500 ரூபாயுடன் முழுக்கரும்பு என்று ஆனது. விவசாயியின் பக்கமிருந்து பார்த்தால் அந்த ஆண்டின் பெரிய செய்தி 2,500 ரூபாய் அல்ல; அரசுக்குத் தேவைப்படும் கரும்பு ஒரேயடியாக மூன்று மடங்கானதுதான்.

2022 பொங்கலுக்கு 21 பொருள்கள் கொண்ட தொகுப்பு வந்தது. உருகி ஒழுகிய வெல்லம் பற்றியும், வெளிமாநில நிறுவனங்களின் பெயர் தாங்கிய பாக்கெட்டுகள் பற்றியும் எழுந்த புகார்கள் பலருக்கும் நினைவிருக்கும். தரமற்ற பொருள் கொடுத்தவர்கள் மீது நடவடிக்கை எடுக்க முதல்வரே உத்தரவிட வேண்டியிருந்தது. அந்தத் தொகுப்பிலும் கரும்பு இருந்தது. அதற்குப் பாக்கெட்டும் இல்லை, லேபிளும் இல்லை. எந்த வட்டாரத்து வயலில் வெட்டியது என்று கேட்டால் சொல்லிவிடலாம்.

அந்தக் கசப்புதான் காரணமோ என்னவோ, 2022 டிசம்பர் 22ஆம் தேதி வெளியான அடுத்த பொங்கலுக்கான அறிவிப்பில் 1,000 ரூபாயும் ஒரு கிலோ பச்சரிசியும் ஒரு கிலோ சர்க்கரையும் மட்டுமே இருந்தன. கரும்பு இல்லை. முந்தைய ஆண்டுகளின் கொள்முதலை நம்பிக் கூடுதலாக நட்டவர்கள் சாலைக்கு வந்து மறியல் செய்தார்கள், நீதிமன்றத்துக்கும் போனார்கள். வெட்டுக்குத் தயாராக நிற்கும் பயிரை அரசு வாங்காது என்று தெரிந்த பிறகு வயலுக்கு வரும் வியாபாரி என்ன விலை கேட்பார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆறு நாள் கழித்து, டிசம்பர் 28ஆம் தேதி, கரும்பும் உண்டு என்று அரசு அறிவித்தது.

அதற்குப் பிறகு நடந்தது ஓட்டம். ஜனவரி 9 முதல் விநியோகம். 2.19 கோடி குடும்ப அட்டைகளுக்கு 2.19 கோடி கரும்பு. கழி ஒன்றுக்கு அதிகபட்சம் 33 ரூபாய் என்றால் 72 கோடி ரூபாய்க்கு மேல் வருகிறது. ஆறடிக்குக் குறையக் கூடாது, நோய் தாக்கியிருக்கக் கூடாது, இடைத்தரகர் இல்லாமல் விவசாயியிடமே நேரடியாக வாங்க வேண்டும், முடிந்தவரை அந்தந்த மாவட்டத்திலேயே வாங்க வேண்டும் என்பவை விதிகள். ஆட்சியர் தலைமையில் குழு. கூட்டுறவுத் துறையும் வேளாண்மைத் துறையும் வயல் வயலாக இறங்க வேண்டியிருந்தது.

அரசு வழக்கமாகப் பொருள் வாங்கும் வழி இது அல்ல. ஒப்பந்தப்புள்ளி கோரி, தகுதி உள்ளவர்களில் குறைந்த விலை சொன்னவரிடம் வாங்குவதுதான் 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் வகுத்த பொது வழி. சிறிய விற்பனையாளருக்குச் சலுகை தருவது நம் நாட்டில் புதிதுமில்லை. ஒன்றிய அரசின் 2012ஆம் ஆண்டுக் கொள்முதல் கொள்கைப்படி, ஆண்டுக் கொள்முதலில் நான்கில் ஒரு பங்கு குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து வர வேண்டும். குறைந்த விலையைவிட 15 சதவீதம் வரை கூடுதலாகக் கேட்ட சிறு நிறுவனமும், விலையைக் குறைத்துக்கொள்ளச் சம்மதித்தால் ஒரு பங்கு பெறலாம். ஆனால் போட்டி என்ற ஒன்று அங்கே இருக்கிறது. கரும்பில் விலையை அரசே சொல்லிவிடுகிறது. யாரிடம் வாங்குவது என்பது மட்டும்தான் கேள்வி. தரகர் புகுவதும் அந்த இடத்தில்தான். பத்து நாளில் இரண்டு கோடிக் கழியை லாரியேற்ற வேண்டிய அலுவலருக்கு, நூறு விவசாயிகளைத் தேடிப் போவதைவிட நூறு விவசாயிகளின் கரும்பைக் காட்டும் ஒருவரிடம் பேசுவது எளிது. 33 ரூபாய்க்குள்தான் வெட்டுக்கூலி, கட்டுக்கூலி, ஏற்று இறக்குக் கூலி, லாரி வாடகை எல்லாம். விவசாயி கையில் நிற்பது அதில் ஒரு பகுதியே. அதையும் ஒரு தரகர் பிய்த்துக்கொண்டால், உள்ளூர்க் கொள்முதல் என்பது அரசாணையில் மட்டும்தான் இருக்கும்.

சென்னைக்கும் நீலகிரிக்கும் இந்த ‘உள்ளூர்’ எது என்பது வேறு சிக்கல். அங்கே செங்கரும்பு விளையாது. இன்னொரு மாவட்டத்திலிருந்துதான் வர வேண்டும். வாடகை ஏற ஏற விவசாயியின் பங்கு இறங்கும்.

அப்படியும் கரும்பு வந்து சேர்ந்தது. டோக்கனில் குறித்த நாளில், குறித்த நேரத்தில் வரிசையில் நின்றவர்கள், சுவரோரம் சாய்த்து வைத்த கட்டிலிருந்து நல்லதாக ஒன்றை உருவப் பார்த்தார்கள், ஊழியர் தடுத்தார். தெருமாடுகளை விரட்டவும் ஓர் ஆள் தேவைப்பட்டது. ஆறடியை அளக்கத் தவறிய ஊர்களில் சண்டையும் நடந்தது.

உள்ளூர் விவசாயியிடம் வாங்கியது சரி. வாங்கப்போகிறோம் என்று சொன்ன நேரம்தான் தவறு. 2025 பொங்கலுக்கான அறிவிப்பும் 2024 டிசம்பர் 28ஆம் தேதிதான் வந்தது. வயலில் கரும்பு முற்றி நிற்கும்போது சொல்லும் விலையை விவசாயி ஏற்றுத்தான் ஆக வேண்டும். வேறு எங்கே கொண்டுபோவார்? கரணை ஊன்றும் முன்பே எத்தனை கழி, எந்த மாவட்டத்தில், என்ன விலைக்கு என்று தெரிந்தால், எவ்வளவு நடுவது என்பதை அவர் கணக்குப் போட்டு முடிவு செய்வார். அலுவலர்களுக்கும் வயல்வாரியாகப் பதிவு செய்யப் பத்து மாதம் கிடைக்கும். தரகருக்குத்தான் வேலை குறையும். 2021 முதல் தமிழ்நாட்டுக்கு வேளாண்மைக்கென்றே தனி நிதிநிலை அறிக்கை இருக்கிறது. வழக்கமான ஆண்டுகளில் அது நடவுக்கு முன்பே பேரவைக்கு வந்துவிடுகிறது. அடுத்த பொங்கலுக்கு வாங்கும் கரும்பின் எண்ணிக்கையையும் விலையையும் அதில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.