நிரல் எழுதப் பழகிய பெண்கள்

‘கம்ப்யூட்டர்’ என்பது இயந்திரத்தின் பெயராவதற்கு முன் ஒரு வேலையின் பெயர். இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பீரங்கிக் குண்டு போகும் பாதையைத் தாளில் கணக்கிட்டவர்களை அப்படித்தான் அழைத்தார்கள். பெரும்பாலும் பெண்கள். 1945இல் அவர்களில் ஆறு பேர் எனியாக் என்ற புதிய இயந்திரத்தை இயக்கத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். கையேடு கிடையாது. நிரல்மொழி என்ற ஒன்றே அப்போது இல்லை. சுற்று வரைபடங்களை விரித்துவைத்து, பொறியாளர்களைக் கேட்டு, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துக் கற்றார்கள். 1946 பிப்ரவரியில் இயந்திரம் உலகுக்குக் காட்டப்பட்டது. அன்றிரவு விருந்துக்கு அவர்களுக்கு அழைப்பில்லை. 1980களில் கேத்தி கிளைமன் என்ற மாணவி பழைய புகைப்படங்களிலிருந்த பெண்கள் யாரென்று கேட்டபோது, அழகுக்காக நிறுத்திய மாடல்கள் என்று பதில் வந்தது.

அந்த ஆறு பேரில் கே மெக்நல்ட்டி அயர்லாந்தில் 1921இல் பிறந்தவர். மூன்று வயதில் அமெரிக்கா வந்தபோது அவருக்கு ஐரிஷ் மட்டும்தான் தெரியும், ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது.

இதை நான் வகுப்பில் சொல்வதற்குக் காரணம் உண்டு. “தமிழ் மீடியத்துல படிச்ச எனக்குக் கோடிங் வருமா, அம்மா?” மீமிசல் பக்கத்திலிருந்து பேருந்து பிடித்து வரும் பெண்கள் வருடம் தவறாமல் கேட்கும் கேள்வி. கணக்கு வருமா என்று ஒருத்தியும் கேட்டதில்லை.

1950களில் ஆங்கிலச் சொற்களால் கட்டளை எழுதும் முறையை உருவாக்கியவர் கிரேஸ் ஹாப்பர். அதே முறையில் பிரெஞ்சு, ஜெர்மன் சொற்களையும் போட்டு அவர் இயக்கிக் காட்டியதும் நிர்வாகம் பதறிப்போனது. அமெரிக்க இயந்திரத்துக்குப் பிரெஞ்சு எப்படிப் புரியும்? இயந்திரத்துக்கு ஆங்கிலமும் புரியவில்லை என்பதை அவர்களுக்கு விளக்க அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல.

தமிழிலும் இது நடந்திருக்கிறது. முத்தையா அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ நிரல்மொழியில் ‘பதிப்பி’ என்று எழுதினால் திரையில் வரி விழும். தொடங்குகிறவளின் பயம் போக நல்ல வழி. ஆனால் எழிலோடு நின்றால் வேலைக்குப் போக முடியாது. அந்த இடத்தில் எனக்கு முக்கியமாகப்படுபவர் து. நித்யா. மென்பொருள் துறையில் இருந்துகொண்டே ‘எளிய தமிழில்’ என்ற தலைப்பில் மைஎஸ்க்யூஎல், செலினியம், மெஷின் லேர்னிங் என்று நூல்களாக எழுதினார். கட்டளைகள் ஆங்கிலத்திலேயே இருக்கும், விளக்கம் தமிழில் பேசும். 2012இல் தொடங்கிய ‘கணியம்’ வழியாக அவை இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ் உரைநடை வரலாறு எழுதுகிறவர்கள் இந்த நூல்களைக் கணக்கில் எடுப்பதில்லை. தமிழ்த்துறைக்காரியாக எனக்கு இதில் கோபம் உண்டு.

புதுக்கோட்டை மாவட்டத்துக்கு இப்படிக் கற்பது புதிதில்லை. 1991இல் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களிடம் கொண்டுவந்தது. போன வாரம் கற்றவள் இந்த வாரம் அடுத்தவளுக்குக் கற்றுக்கொடுத்தாள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்தார்கள். முன்பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. என் அத்தை கிழக்குக் கடற்கரைச் சாலையில் அப்படித்தான் பழகினார், உப்புக்காற்றில் செயின் துருப்பிடித்த ஒரு சைக்கிளில்.

அன்று சைக்கிள் தட்டுப்பாடு, இன்று மடிக்கணினி. 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினி பெண்பிள்ளையின் பெயரில் வந்து அண்ணன் படம் பார்க்கும் பெட்டியாகிப்போன வீடுகள் எனக்குத் தெரியும். நித்யாவின் நூலைச் செல்போனில் படித்துவிடலாம். செல்போனில் எழுதிப் பழகுவது கடினம். என் மாணவி ஒருத்தி நோட்டில் பென்சிலால் நிரல் எழுதிக்கொண்டு வருகிறாள். துறையில் இருக்கும் ஒரே கணினியில் மதிய இடைவேளையில் அதைத் தட்டிப் பார்க்கிறாள். பிழை வந்தால் நோட்டில் அந்த வரியைச் சுழித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள். சாயங்காலம் பக்கத்துவீட்டுப் பெண்கள் இரண்டு பேர் அந்த நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்கிறார்களாம், சுழித்த வரிகளையும் சேர்த்து.