ஏழரை வருஷச் சம்பளம்!

ஸ்ரீரங்கத்திலிருந்து நண்பர் போன் செய்தார். 'மாடி ரூம்ல சினிமா பார்க்கணும். பையனுக்கு வீடியோ கேமும் ஓடணும். கையைக் கடிக்காம ஒரு புரொஜெக்டர் சொல்லுங்க சார்.'

'ஆத்தைத் தாண்டினா திருச்சி. அங்கே ஒருத்தர் 1905-லேயே வாங்கிட்டாரே!' என்றேன். மறுமுனையில் கப்சிப்.

அவர் சாமிக்கண்ணு வின்சென்ட். 1883-ல் கோவையில் பிறந்தவர். திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் டிராஃப்ட்ஸ்மேன். மாதச் சம்பளம் 25 ரூபாய். அப்போது ஊர் ஊராகப் படம் காட்டிக்கொண்டு டுபான் என்கிற பிரெஞ்சுக்காரர் திருச்சிக்கு வந்தார். வந்த இடத்தில் உடம்புக்கு முடியாமல் போக, புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் விற்றுவிட்டு ஊர் திரும்ப நினைத்தார். விலை 2,250 ரூபாய்.

காமர்ஸ் படித்த புத்தி சும்மா இருக்குமா? 25-ஆல் வகுத்தேன். 90 மாதம். அதாவது ஏழரை வருஷச் சம்பளம். சனி பகவான் கணக்கு!

22 வயசு வின்சென்ட் எப்படியோ பணத்தைப் புரட்டினார். ரயில்வே வேலையையும் விட்டார். கையில் இருந்தது ஏசுநாதர் வாழ்க்கைப் படமும் சில துண்டுப் படங்களும்தான்.

மெஷின் வந்துவிட்டால் படம் தெரிந்துவிடுமா? அன்றைக்குப் பெரும்பாலான ஊர்களில் கரண்ட் கிடையாது. விளக்குக்கான ஏற்பாட்டையும் படம் காட்டுகிறவரே சுமந்து போகவேண்டும். கையால்தான் சுற்றவேண்டும், விநாடிக்குச் சுமார் 16 படம். கை தடுமாறினால் திரையில் ஆள் ஓடுவார், அல்லது ஊர்வார்.

வின்சென்ட் கூடாரம் போட்டார். இருட்டு, திரை, ஜனம்... மூன்றும் ஒரே இடத்தில்! சென்னை எஸ்பிளனேடில் 'எடிசன் கிராண்ட் சினிமாமெகாபோன்' என்று பெயர் வைத்து, கிராமபோன் சத்தத்தையும் சேர்த்தார். 1914-ல் கோவையில் வெரைட்டி ஹால் எழுந்தது. அந்தத் தெருவுக்கே வெரைட்டி ஹால் ரோடு என்று பெயர்.

'சரி சார், என் கதைக்கு வாங்க' என்றார் நண்பர்.

அதேதான் கதை! மெஷினுக்கு முன்னால் ரூமைப் பாருங்கள். ஜன்னல் வெளிச்சம் உள்ளே வந்தால் மலிவு மெஷின் வெளிறிப்போகும். திரைச்சீலை போடுங்கள். அட்டைப்பெட்டியில் ஆயிரக்கணக்கில் லூமன் போட்டிருந்தால் மயங்காதீர்கள், 'ஆன்சி லூமன்' எத்தனை என்று கேளுங்கள். '1080 சப்போர்ட்' என்றால் அந்தப் படத்தை வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். சுருக்கித்தான் காட்டும். 'நேட்டிவ் 1080' என்று இருக்கவேண்டும். டேப் எடுத்து அளந்துவிடுங்கள். 100 இன்ச் திரைக்கு அகலம் ஏழேகால் அடி. 'த்ரோ ரேஷியோ' 1.2 என்றால், திரையிலிருந்து கிட்டத்தட்ட 9 அடி தள்ளி மெஷின் இருக்கவேண்டும்.

பையன் விஷயம் தனி. பட்டனை அமுக்கியதற்கும் திரையில் ஆள் குதிப்பதற்கும் நடுவே தாமதம் இருந்தால் ஆட்டம் போச்சு. 'கேம் மோட்' இருக்கிறதா, அதில் தாமதம் எத்தனை மில்லி செகண்ட் என்று கேட்டு, கடையிலேயே ஆடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

நண்பர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். கடைசியாக ஒரு சந்தேகம். 'ஏழரை வருஷச் சம்பளத்தைப் போட்டாரே, எப்படி சார் எடுத்தார்?'

'தனியா உக்காந்து பார்க்கலையே. ஊரைக் கூப்பிட்டு டிக்கெட் போட்டார். நீங்களும் ஞாயித்துக்கிழமை பக்கத்து வீட்டுப் பசங்களைக் கூப்பிடுங்க.'

'டிக்கெட்?'

'முறுக்கு போதும்!'