பேராக் தோட்டங்களில் கடைசிக் கடைவாய்ப்பல்

பெரும்பாலும் 17 முதல் 25 வயதுக்குள் தாடையின் கோடியில் முளைக்கும் மூன்றாவது கடைவாய்ப்பல்லை ஞானப்பல் என்பர். அது இடமின்றி ஈறுக்கடியிலோ எலும்புக்குள்ளோ சாய்ந்து சிக்கிக்கொண்டால் புதைபல் எனப்படும். மலேசியாவின் பேராக் மாநில ரப்பர்த் தோட்டத் தமிழரைப் பொறுத்தவரை, அதை எடுப்பதா விடுவதா என்பதை நெடுங்காலம் முடிவு செய்தது நோயின் தன்மையைவிட மருத்துவர் இருந்த தொலைவே எனலாம்.

பேராக்கை உள்ளடக்கிய கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டங்களில் மருத்துவ வசதிக்கு வழிவகுத்தபோதும், மலேரியாவும் வயிற்றுப்போக்கும் ஆளைக் கொன்ற இடத்தில் பல்வலி யார் கணக்கிலும் ஏறவில்லை. அன்றாடம் நோயாளிகளைப் பார்த்தவர் டிரெசர் எனப்பட்ட மருத்துவ உதவியாளர். ஆடும் பல்லைக் குறட்டால் பிடுங்குவது வேறு. ஈறைக் கீறி, எலும்பைக் குடைந்து, கீழுதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பைக் காத்து, புதைபல்லைத் துண்டாக்கி எடுப்பது வேறு. பின்னதற்குப் பயின்ற கைகள் வேண்டும். ஆனால் மலாயாவுக்கும் பல் மருத்துவரைத் தந்த சிங்கப்பூரில் பல் மருத்துவக் கல்வியே 1929இல்தான் தொடங்கியது.

நியூசிலாந்து முறையைப் பின்பற்றி 1949இல் பினாங்கில் அமைந்த பல் தாதியர் பயிற்சிப் பள்ளி பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெரும் நன்மை செய்தது. ஆனால் ஞானப்பல் தலைகாட்டுவதோ, பிள்ளை பள்ளியை விட்டுப் பால்வெட்டும் கத்தியைக் கையில் எடுத்த பிறகு. அரசின் கவனம் எங்கே முடிந்ததோ அங்கேதான் இந்தப் பல்லின் தொல்லை தொடங்கியது. கிராம்பும் உப்புநீரும் வலியைத் தணித்தன, பல்லை மூடிய ஈற்று மடலில் உணவு தங்கிச் சீழ்பிடிப்பதைத் தடுக்கவில்லை.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1972இல் பல் மருத்துவப் புலம் தோன்றியது. தோட்டங்கள் கைமாறிச் சுருங்க, மக்களும் நகரங்களை நாடினர். இன்று பேராக்கின் ஈப்போ நகரிலுள்ள ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையிலேயே வாய், முக அறுவைப் பிரிவு உண்டு. வசதி வந்த காலத்தில் மருத்துவமோ நிதானத்தை நோக்கித் திரும்பியிருந்தது: தொல்லை தராத புதைபல்லை முன்னெச்சரிக்கையாக எடுக்கும் வழக்கத்தைக் கைவிடுமாறு பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல் வகுக்கும் நைஸ் அமைப்பு 2000இல் அறிவுறுத்தியது. அதன்படி, கடுமையாக இல்லாத முதல் ஈறுவீக்கம் பல்லை எடுக்கக் காரணமாகாது. வீக்கம் திரும்ப வருவதும், அடைக்க முடியாத சொத்தையும், நீர்க்கட்டியும், அண்டைப் பல்லுக்கு நேரும் கேடும் போன்றவையே காரணங்களாகும்.