பண்டிகை அடுப்பு: கேக் நம் நாட்டுப் பலகாரமான கதை

நம் மரபில் பண்டிகைப் பலகாரம் என்றால் எண்ணெய்ச் சட்டியும் ஆவிப் பானையும்தான். அதிரசம், முறுக்கு, சுழியன் எல்லாம் பொரித்தவை. கொழுக்கட்டை ஆவியில் வெந்தது. மூடிய அடுப்பின் அனலில் வைத்து எடுக்கும் முறை நம் சமையலறையில் இருந்ததில்லை. ரொட்டிக் கடையை ஈழத் தமிழர் 'வெதுப்பகம்' என்று எழுதுவர். ரொட்டியை அவர்கள் 'பாண்' என்பதும், மும்பையில் வாழும் நாம் தினமும் 'பாவ்' என்று கேட்டு வாங்குவதும் ஒரே போர்த்துக்கீசியச் சொல்லின் இரு வடிவங்களே.

இப்படி வெளியிலிருந்து வந்த ஒரு கைவேலை எப்படி நம் நாட்டுப் பண்டிகைப் பலகாரம் ஆயிற்று? டிசம்பர் பிறந்தால் எந்தச் சமயத்து வீட்டிலும் பிள்ளைகள் "கேக் எப்போ?" என்று கேட்கும் அளவுக்கு எப்படி வேரூன்றியது? கடைகளுக்கும் சமையல் புத்தகங்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் பெரும்பங்கு பாட்டிமாருக்கும், அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கைவேலை செய்த பேரன் பேத்திகளுக்கும்தான் என்பது என் கருத்து.

பறங்கியர் அடுப்பு

போர்த்துக்கீசியர் 1510இல் கோவாவைக் கைப்பற்றினர். தம் ஊர் ரொட்டிக்கு மாவைப் புளிக்க வைக்க அவர்கள் கண்ட வழி தென்னங்கள். நம் ஆப்பத்துக்கும் பழைய நாளில் அதுவே புளிப்பு அல்லவா! கிறிஸ்துமஸ் வந்தால் கோவா, மங்களூர் வீடுகளில் 'குஸ்வார்' என்ற பலகாரத் தட்டு தயாராகும். அதில் ஒன்று குல்குல். மைதாவும் தேங்காய்ப் பாலும் சேர்த்துப் பிசைந்த மாவைச் சிறு உருண்டையாக்கி, முள்கரண்டியின் முதுகிலோ புதுச் சீப்பிலோ வைத்து அழுத்திச் சுருட்டிப் பொரிப்பார்கள். நூற்றுக்கணக்கில் சுருட்ட வேண்டும்; பெரியவர்கள் கை போதாது. எனவே இது பிள்ளைகள் வேலையாகவே நிலைத்துவிட்டது.

கோவாவின் பெபிங்கா இன்னும் பொறுமை கேட்பது. தேங்காய்ப் பால், முட்டை மஞ்சள் கரு, சர்க்கரை, மாவு கலந்த கூழை ஒரு கரண்டி ஊற்றி, மூடிமேல் தேங்காய் நார்த் தணல் போட்டு மேல் சூட்டில் வேகவைப்பார்கள். அது சிவந்ததும் நெய் விட்டு அடுத்த அடுக்கு. ஏழு அடுக்கு வழக்கம். பதினாறு வரை போவதும் உண்டு. அவன் என்ற பெட்டி இல்லாமலே, விறகடுப்பும் தணலும் வைத்து நம்மவர் கண்ட உபாயம் இது.

தமிழகத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஐரோப்பாவில் பாதாம் பருப்பில் செய்யும் மக்ரூன், தூத்துக்குடியில் முந்திரிப் பருப்பில் ஆகிறது. முந்திரியும் போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரம்தான். முட்டை வெள்ளைக் கரு, சர்க்கரை, முந்திரி, இந்த மூன்றும்தான் சரக்கு. மற்றதெல்லாம் கைப்பக்குவம்.

தலைச்சேரியும் அலகாபாத்தும்

பர்மாவில் பிஸ்கட் செய்யும் தொழில் பழகிய மாம்பள்ளி பாபு என்பவர், 1880இல் மலபாரின் தலைச்சேரியில் பிஸ்கட் ஆலை தொடங்கினார். 1883இல் பிரௌன் என்ற ஆங்கிலத் தோட்டக்காரர் இங்கிலாந்து கேக் ஒன்றைக் கொடுத்து, "இதுபோல் செய்துதர முடியுமா?" என்று கேட்டாராம். மாஹேயிலிருந்து பிரெஞ்சு பிராந்தி வாங்கிச் சேர்க்கும்படியும் சொன்னாராம். பாபு அதற்குப் பதில் முந்திரிப் பழத்திலும் கதலி வாழைப்பழத்திலும் வடித்த உள்ளூர்ச் சரக்கைச் சேர்த்தார். துரைக்கு ருசி பிடித்துப்போய் மேலும் ஒரு டஜன் கேட்டார் என்பது அந்தக் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் செய்தி. பாட்டன் கதையைப் பேரர்கள் விடாமல் சொன்னதால்தான் அது இன்று நாடறிந்த கதை.

லண்டனில் 1927இல் எம்பயர் மார்க்கெட்டிங் போர்டு என்ற அரசு அமைப்பு ஒரு கிறிஸ்துமஸ் புட்டிங் செய்முறையை வெளியிட்டது. கொடுத்தவர் அரசரின் சமையல்காரர். திராட்சை ஆஸ்திரேலியாவிலிருந்து, பட்டை இலங்கையிலிருந்து, கிராம்பு சான்சிபாரிலிருந்து, ரம் ஜமைக்காவிலிருந்து என்று ஒவ்வொரு சரக்கும் பேரரசின் ஒவ்வொரு மூலையிலிருந்து வரவேண்டும் என்பது திட்டம். நம் நாட்டு வீடுகள் வேறு வழியில் போயின. அலகாபாத்து கேக்கில் வெண்பூசணியில் செய்த பேட்டா, ஆரஞ்சு மார்மலேட், நெய், சோம்பு, சுக்கு, ஜாதிபத்திரி எல்லாம் சேர்ந்தன. கொல்கத்தாவிலோ பாக்தாத் யூதரான நாஹூம் 1902இல் தொடங்கிய கடையின் முன் இன்றும் கிறிஸ்துமஸ் கேக்குக்கு எல்லா மதத்தவரும் வரிசையில் நிற்கிறார்கள்.

ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைந்திருந்த ரயில்வே ஊர்களில், பெரம்பூரிலும் பொன்மலையிலும் ஜோலார்பேட்டையிலும், கிறிஸ்துமஸுக்குப் பல வாரம் முன்பே பழங்களை நறுக்கி ரம்மில் ஊறப்போடுவார்கள். சாராயமும் சர்க்கரையும் பழத்தின் ஈரத்தை இழுத்துக்கொள்வதால் பூஞ்சை பிடிக்காது. நறுக்குவது பிள்ளைகள் பொறுப்பு. நறுக்கும்போதே பாதி திராட்சை வாய்க்குள் போவது பாட்டிக்குத் தெரிந்த கணக்கு! வெண்ணெயும் சர்க்கரையும் நுரைக்க அடிப்பதும் முறை வைத்துத்தான். வீட்டில் அவன் இல்லாதவர்கள் கலவையைப் பக்கத்து ரொட்டிக் கடைக்குத் தூக்கிப் போவார்கள். விறகு எரித்துத் தணலை வாரி எடுத்த அடுப்பில் முதல் சூட்டில் ரொட்டி வேகும். சூடு தணிந்த பிறகே கேக். ஈர்க்குச்சியைக் குத்திப் பார்த்து, ஒட்டாமல் வந்தால் வெந்தது என்று அர்த்தம்.

சேர் எத்தனை கிராம்?

1947க்குப் பின் ஆங்கிலோ இந்தியரில் பெரும்பகுதியினர் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் குடிபெயர்ந்தார்கள். பாட்டி இங்கே, பேத்தி அங்கே என்று ஆன வீடுகள் பல. பெட்டியில் போனது செய்முறை நோட்டுப் புத்தகம். ஆனால் நோட்டு மட்டும் இருந்தால் போதுமா?

ஓர் உதாரணம். நாட்டில் மெட்ரிக் எடைகள் 1958 முதல் படிப்படியாக வந்து, 1962இல் கட்டாயமாயின. அதற்கு முந்தைய நோட்டில் "மாவு ஒரு சேர்" என்று இருந்தால் எவ்வளவு போடுவது? வடநாட்டுச் சேர் 80 தோலா, ஏறக்குறைய 933 கிராம். சென்னைச் சேர் 8 பலம், அதாவது 24 தோலா, 280 கிராம்தான்! எந்த ஊரில் இருந்தபோது எழுதியது என்று தெரியாமல் போட்டால் கேக் செங்கல்லாகிவிடும். அதைச் சொல்லக்கூடியவர் எழுதிய பாட்டி மட்டுமே.

இந்தக் கஷ்டம் நமக்கும் உண்டு. வெளிமாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பத்தில் அம்மாவின் பழைய நோட்டில் "வெல்லம் அரை வீசை" என்று இருக்கும். ஒரு வீசை 40 பலம், சுமார் 1.4 கிலோ என்று நம் பிள்ளைகளுக்கு யார் சொல்லியிருக்கிறோம்? "பாகு தக்காளிப் பதம்" என்று எழுதியிருப்பதை எந்தத் தராசில் நிறுப்பது? தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டிப் பார்த்துப் பழகினால்தான் உண்டு. ஈர்க்குச்சிச் சோதனையும் பாகுச் சோதனையும் ஒரே பள்ளிக்கூடத்துப் பாடம்.

எதிர்த்திசையில் வந்த பாடம்

நம் வீடுகளில் கேக் வந்த வழி சுவாரசியமானது. இங்கே கற்றுக்கொடுத்தது பேத்தி, கற்றுக்கொண்டது பாட்டி. பள்ளித் தோழி வீட்டிலோ பக்கத்துக் குவார்ட்டர்ஸிலோ பார்த்துவிட்டு வந்து, "பாட்டி, குக்கர்லயே பண்ணலாம்" என்று சொன்ன பிள்ளைகள் எத்தனை பேர்! குக்கரின் அடியில் மணல் பரப்பி, வெயிட்டும் கேஸ்கட்டும் எடுத்துவிட்டு, உள்ளே பாத்திரத்தை வைத்தால் அதுவே அவன். கொஞ்சம் வசதி வந்த பிறகு, மேலே கண்ணாடி பதித்த வட்ட அலுமினிய மின்அடுப்பு வந்தது. "முட்டை போட்டா நான் தொடமாட்டேன்" என்ற பாட்டிக்காக மில்க்மெய்டு கேக் வந்தது. பேத்தி அளவு படித்தாள். பாட்டி மூக்கால் சூடு பார்த்து, "போதும், இறக்கு, அடி பிடிக்கப் போறது" என்றாள். இரண்டு அறிவும் சேர்ந்துதான் கேக் உருப்படியாக வந்தது.

இன்று கேக்கும் அதிரசமும் போன் செய்தால் வாசலுக்கு வருகின்றன. அதைக் குறை சொல்ல வரவில்லை. வேலைக்குப் போகும் வீட்டில் அது பெரிய உதவி. ஆனால் குல்குல் சுருட்டவும் திராட்சை நறுக்கவும் பிள்ளைக்கு ஒரு வேலை இருந்தவரைதான் அந்தப் பலகாரங்கள் ஊர்விட்டு ஊர் போயும் பிழைத்தன என்பதே இந்த வரலாறு காட்டுவது. வேலை கொடுக்காமல் தின்ன மட்டும் கொடுத்த பலகாரம் பேரன் காலத்தில் கடைச்சரக்காகிவிடும்.

ஆகவே வரும் பண்டிகைக்கு ஒரு காரியம் செய்யலாம். ஊரிலிருந்து பெரியவர்கள் வந்திருக்கும்போது அவர்கள் கையள்ளும் மாவைத் தராசில் வைத்து, கிராம் கணக்கை அந்த நோட்டின் ஓரத்தில் பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள். பாகை உருட்டிப் பார்க்கும் வேலையையும் அதற்கே கொடுங்கள். முதல் தடவை கொஞ்சம் கெட்டுப்போகும். போகட்டுமே, அடுத்த வருஷம் சரியாக வரும்.