அம்மம்மாவிடம் கேட்காமல் விட்ட கேள்வி

ஸ்போர்ட்ஸ் மீட்டுக்கு முதல் பள்ளிக்கூடத்தில் ஒரு படிவம் தருவார்கள். வெள்ளவத்தையில் படித்தவர்களும் கொட்டாஞ்சேனையில் படித்தவர்களும் எங்களில் இருக்கிறோம். எல்லாரும் "நோய் ஏதும் இல்லை" எண்டு எழுதி, அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய் ஓடினவர்கள்தான். "உங்கட குடும்பத்தில சின்ன வயசில திடீரெண்டு செத்தவை யாரும் இருக்கினமா?" எண்டு ஒருத்தரும் கேட்டதில்லை.

அந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1958இல் லண்டனில் டொனால்ட் டியர் என்ற நோயியல் நிபுணர், இதயத்தசை ஒரு பக்கத்தில் அளவுக்கு மீறித் தடித்திருந்த 8 பேரைப் பற்றி எழுதினார். அநேகமானோர் இளம் வயதில் திடீரென இறந்தவர்கள். 1960இல் அவரும் வேறு வைத்தியர்களும் சேர்ந்து ஒரு குடும்பத்தையே ஆராய்ந்தார்கள். இது பரம்பரையாக வரும் என்பது தெரியவந்தது. இன்று இதன் பெயர் ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமயோபதி. ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்கான வாய்ப்பு பாதிக்குப் பாதி. இரத்தக்குழாய் அடைபடும் மாரடைப்பு வேறு. இதில் இதயத்தின் மின்துடிப்பே குழம்புகிறது. சிலருக்கு முதல் அறிகுறியே மரணம்தான்.

2003 ஜூன் 26, பிரான்ஸின் லியோன் நகரம். கமரூன் வீரர் மார்க்-விவியன் ஃபோ, வயது 28, 72ஆவது நிமிடத்தில் யாரும் மோதாமலே விழுந்தார். காரணம் இதே நோய். அடுத்த வருடம் டிசம்பர் 5, எங்களுக்குப் பக்கத்தில் பெங்களூரில், டெம்போ அணியின் கிறிஸ்டியானோ ஜூனியர் கோல்காப்பாளருடன் மோதி விழுந்தார். அவருடைய இதயமும் நின்றது. இருவரும் இறந்தார்கள்.

2021 ஜூன் 12, கோபன்ஹேகனில் கிறிஸ்டியன் எரிக்சன் விழுந்தபோது, மைதானத்திலேயே நெஞ்சை அழுத்தி, டிஃபிப்ரிலேட்டரால் மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். அடுத்த வருடமே அவர் திரும்பவும் விளையாடினார். மின்னதிர்ச்சி தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது.

விழுவதற்கு முன்பே கண்டுபிடிக்கவும் வழியுண்டு. இத்தாலி 1982 முதல் போட்டி வீரர்களுக்கு ஈசிஜி பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. அங்குள்ள வெனெட்டோ பகுதியில், 2004 ஆகும்போது, இளம் வீரர்களின் திடீர் இதய மரணங்கள் 89 சதவீதம் குறைந்திருந்தன. ஆனால் ஈசிஜிக்கும் முதல் வைத்தியர் கேட்பது குடும்பக் கதையைத்தான்.

எங்களுக்குச் சிக்கல் அங்கேதான். எங்கட குடும்பங்கள் இடம்பெயர்ந்தவை. பாதிப் பேர் டொரொண்டோவில், லண்டனில். ஆல்பங்களும் ஆவணங்களும் வீடுகளோட போயிட்டுது. எங்களில் ஒருத்தி அம்மம்மாவிடம், இளவயதில் செத்த மாமாவைப் பற்றிக் கேட்டாள். "பந்தடிச்சுக்கொண்டு நிண்டவன், அப்பிடியே விழுந்திட்டான். கண்ணூறு பிள்ளை" எண்டா அம்மம்மா. அந்த வீட்டில் அதுவரை ஒருவரும் அதை நோய் எண்டு நினைக்கவில்லை. இப்ப அவளும் தம்பியும் ஈசிஜி எடுக்கப் போகினம்.

கலைப்பீடத்தில் வாய்மொழி வரலாறு படிக்கிறோம். அதை முதலில் வீட்டில் தொடங்குவம். யார், எந்த வயசில, என்ன செய்துகொண்டு இருக்கும்போது செத்தவை எண்டு கேட்டு எழுதி வையுங்கோ. ஓடும்போது மயங்கியிருந்தால், நெஞ்சு நொந்திருந்தால் அதை மறைக்காதீங்கோ.

மைதானத்தில் யாரும் விழுந்து, மூச்சும் பேச்சும் இல்லையெண்டால் தண்ணி தெளிச்சுக்கொண்டு நிக்காமல் 1990க்கு அடியுங்கோ. அம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை பலமாக அழுத்துங்கோ. நாங்களும் இதை இப்பத்தான் பழகுகிறோம்.